‘2 டன்’ என்று எழுதியிருந்த கேன்ட்ரி: தூக்குத்திறனை அளந்து, கணக்கிட்டு, திருத்திய பதிவு

பட்டறைத் தூக்கி எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் பெரும்பாலும் செயின் பிளாக்கின் (கைச்செயினை இழுத்துச் சுமை தூக்கும் கருவியின்) தகட்டைத்தான் காட்டுவார்கள். அந்த எண் பிளாக்குக்கு மட்டுமே சொந்தம். பிளாக் தொங்கும் ட்ராலி, ட்ராலி ஓடும் ஐ பீம், பீமைச் சுமக்கும் கால்கள், காலடியில் சக்கரங்கள், கீழே சுமையைக் கட்டும் பெல்ட்டும் அதை மாட்டும் ஷேக்கிளும் (யு வடிவக் கொளுவி) என்று ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் எது முதலில் தோற்குமோ அதன் எண்தான் தூக்குத்திறன். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டது, சிறு பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் நகரும் ஏ-கால் கேன்ட்ரி: ஏ வடிவக் கால்கள் இரண்டின் மேல் ஒரு பீம், அடியில் சக்கரம். இரு ஏ-கால்களுக்கு இடையே 3 மீட்டர். பீமின் அடி விளிம்பு (ஐ வடிவின் கீழ்க் கிடைத்தகடு) தரையிலிருந்து 2.6 மீட்டர். கால்கள் 50 என்.பி. (பெயரளவு உள்விட்டம் 50 மி.மீ.) மீடியம் கிளாஸ் பைப்; ஒரு பக்க இரு கால்களின் அடி இடைவெளி 1.4 மீட்டர். நான்கு கேஸ்டர் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 500 கிலோ என்ற முத்திரை. பீமின் வயிற்றில் பெயின்ட்டில் ‘2 டன்’. நான்கு சக்கரத்தின் 500-ஐக் கூட்டினால் 2 டன் வருகிறது; அந்த எழுத்துக்கு வேறு ஆதாரம் எதுவும் இந்தச் சட்டத்தில் கிடைக்கவில்லை.

பீம் எந்தப் பீம்

டேப்பும் வெர்னியரும் போதும். உயரம் 150 மி.மீ., விளிம்பு அகலம் 80, நடுத்தகட்டு (விளிம்புகளுக்கு இடையே நிமிர்ந்து நிற்கும் தகடு) கனம் 4.8, விளிம்புக் கனம் 7.6. விளிம்பின் உள்முகம் சரிவாக இருப்பதால் கனத்தை நுனியிலோ வேரிலோ அளக்கக் கூடாது. நடுத்தகட்டுக்கும் நுனிக்கும் சரிபாதியில் அளந்தால்தான் பட்டியலோடு ஒப்பிட முடியும். இந்த அளவுகள் பழைய இந்தியத் தரப் பட்டியலின் ஐ.எஸ்.எம்.பி. 150 (150 மி.மீ. உயர மீடியம் பீம்). பின்னால் வந்த பட்டியலில் அதே பெயருக்கு விளிம்பு 75, கனம் 8. கணக்கின் விடை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முடிந்தால் எடை போட்டும் பாருங்கள். மீட்டருக்கு 15 கிலோ வர வேண்டும், 3.3 மீட்டர்த் துண்டு சுமார் 50 கிலோ. 44, 45 என்று நின்றால் கனம் குறைந்த உருட்டு. அப்போது பட்டியலை மூடிவிட்டு, அளந்த கனத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். பெயின்ட்டின் மேல் அளந்தால் கால் மில்லி முதல் அரை மில்லி வரை ஏமாந்துபோவோம். 4.8-இல் அரை மில்லி என்பது பத்தில் ஒரு பங்கு. அளக்கும் இடத்தைச் சுரண்டிவிட்டு அளக்கவும்.

பீம் கணக்கு

ட்ராலி நடுவில் நிற்கும்போதுதான் பீமுக்குக் கஷ்டம். கொக்கியில் 1000 கிலோ, பிளாக்கும் ட்ராலியும் சேர்ந்து 25 கிலோ, ஆக 1025 கிலோ, அதாவது 10.06 கிலோநியூட்டன். கையால் இழுக்கும் பிளாக்குக்கு அதிர்வுக்காகப் பத்து சதவீதம் கூட்டினால் 11.1. நடுச்சுமையின் வளைவுத் திருப்புத்திறன், சுமை × நீளம் ÷ 4: 11.1 × 3 ÷ 4 = 8.3. பீமின் சொந்த எடைக்கு 0.17 சேர்த்து 8.5 கிலோநியூட்டன் மீட்டர். ஐ.எஸ்.எம்.பி. 150-இன் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் வடிவ அளவு) 96.9 கன செ.மீ. வகுத்தால் தகைவு (ஒரு ச.மி.மீ. இரும்பு சுமக்கும் விசை) 88 நியூட்டன்/ச.மி.மீ.

250 ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) உள்ள இரும்பில் 88 என்பது மூன்றில் ஒரு பங்கு போலத்தான் தெரியும். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு ‘இன்னும் இரண்டு மடங்கு தாங்கும்’ என்கிறார்கள். பெரிய பிழை இதுதான். ஐ பீம் நேர்கீழாக வளைந்து முறிவதற்கு முன்பே, அழுத்தத்தில் இருக்கும் மேல் விளிம்பு பக்கவாட்டில் நழுவி, பீம் முறுக்கிக்கொண்டு புரளும். கூரைக்குள் கான்கிரீட்டோடு சேர்ந்திருக்கும் பீமில் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது; கேன்ட்ரியில் 3 மீட்டருக்கும் யாரும் இல்லை. இந்தப் பீமின் பக்கவாட்டுச் சுழல் ஆரம் (பக்கவாட்டு விறைப்பைக் காட்டும் அளவு) 16.6 மி.மீ. மட்டுமே. 3000-ஐ அதால் வகுத்தால் 181, அதாவது நல்ல ஒல்லி. இரும்புக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநூலான பழைய ஐ.எஸ். 800-இன் அனுமதித் தகைவு முறையில் இந்த ஒல்லித்தனத்துக்குக் கிடைக்கும் அனுமதி, புரளாத பீமுக்கான 165 அல்ல, சுமார் 85 தான்.

88-க்கு எதிரே 85. சூத்திரம் பீம் முழுக்க ஒரே திருப்புத்திறன் என்று எடுத்துக்கொள்வதாலும், சுமை அடி விளிம்பில் தொங்குவதாலும், நிஜத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைச் சாய்வான இழுப்புக்கும் துருவுக்கும் விட்டுவைப்பதே முறை. பின்னோக்கிக் கணக்கிட்டால் கொக்கியில் சுமார் 970 கிலோ வருகிறது. எழுத வேண்டிய எண் 900.

அதே பீமில் 2 டன் போட்டால் தகைவு 172. பீம் புரளவே புரளாது என்று வைத்துக்கொண்டாலும் அனுமதி 165-ஐத் தாண்டிவிட்டது. உடனே விழாமல் இருந்திருக்கலாம். நடுவில் அல்லாமல் ஓரத்தில் தூக்கியிருந்தால் விழாது. அது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.

தொய்வு தனிக் கணக்கு: சுமை × நீளத்தின் கனம் ÷ (48 × மீள்குணகம் × நிலைமத் திருப்புத்திறன்). 1025 கிலோவுக்கு 3.9 மி.மீ. நீளத்தில் 500-இல் ஒரு பங்கு, அதாவது 6 மி.மீ., என்ற எல்லைக்குள் இருக்கிறது. 2 டன்னுக்கு 7.8; எல்லை தாண்டியது. இந்தத் தொய்வு எண்ணைக் குறித்து வையுங்கள். சோதனை நாளில் கணக்கு சரியா என்று கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

பீமின் முனை: யாரும் பார்க்காத இடம்

மேலே சொன்ன 85-உம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: பீமின் இரு முனைகளும் முறுக்கிக்கொள்ளாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்தக் கேன்ட்ரியில் பீமின் அடி விளிம்பு மட்டும், ஏ-காலின் உச்சியில் உள்ள 12 மி.மீ. தலைத்தகட்டில் நான்கு எம்12 (12 மி.மீ. தண்டு) போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தது. அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேல் விளிம்பைக் காற்றில் விட்டால், இடையில் நிற்பது 4.8 மி.மீ. தகடு. அது முனையிலேயே மடங்கலாம்.

தீர்வு எளிது. ஒவ்வொரு முனையிலும், தலைத்தகட்டுக்கு நேர் மேலே, நடுத்தகட்டின் இரு பக்கமும் 8 மி.மீ. கனத்தில் 35 மி.மீ. அகலத் துண்டு, மொத்தம் நான்கு. உயரம் விளிம்புகளுக்கு இடையே உள்ள 134 மி.மீ.; சரிவுக்கு ஏற்ப மேலும் கீழும் கிரைண்டரில் தேய்த்துப் பொருத்த வேண்டும். வேர் வளைவில் முட்டாமலிருக்க உள் மூலைகளை 15 மி.மீ. வெட்டிவிடுங்கள். 7018 பற்றவைப்பு ராடு, 3.15 மி.மீ., 5 மி.மீ. ஃபில்லெட் (மூலைப் பற்றவைப்பு), நடுத்தகட்டோடும் இரு விளிம்புகளோடும். 7018 ராடு ஈரம் இழுத்திருந்தால் பற்றவைப்பில் நுண்துளையும் விரிசலும் வரும். உலர்த்தாமல் பயன்படுத்த வேண்டாம். சுமை தொங்கும்போது பற்றவைக்கவே கூடாது.

போல்ட்டுகளின் தலையில் எந்தக் குறியும் இல்லை. குறியில்லாத போல்ட்டை 4.6 தரம், அதாவது வலிமை குறைந்தது, என்றே கொள்ள வேண்டும். நான்குமே அதைவிட வலிமையான 8.8 குறியுள்ளவையாக மாற்றப்பட்டன. அடி விளிம்பின் உள்முகம் சரிவு என்பதால் நட்டுக்கு அடியில் சரிவு வாஷர் கட்டாயம். சாதா வாஷர் போட்டு இறுக்கினால் நட்டு ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து போல்ட் தண்டு வளையும். பழைய போல்ட்டுகளைக் கழற்றியபோது அந்த வளைவு கண்ணுக்கே தெரிந்தது.

கால்கள் போதுமானவை, சக்கரங்கள் அப்படியல்ல

ட்ராலி ஓரத்துக்குப் போகும்போது முழுச் சுமையும் ஒரே ஏ-காலில் இறங்குகிறது. 1 டன் கொக்கிச் சுமைக்கு ஒரு பைப்பில் சுமார் 5.8 கிலோநியூட்டன். 50 என்.பி. மீடியம் பைப், 2.75 மீட்டர் நீளத்தில், நெளிவதற்குச் சுமார் 67 வேண்டும். ஆகவே பைப்பின் பருமனைப் பற்றிக் கவலை இல்லை. காலின் சாய்வினால் அடியில் ஒவ்வொரு காலும் 1.5 கிலோநியூட்டன் அளவுக்கு வெளியே தள்ளும். அதைக் கட்டிப் பிடிக்கும் அடிக்கட்டை இல்லாவிட்டால் சக்கரம் விரிந்துகொண்டே போகும். இங்கே 50×50×6 ஆங்கிள் கட்டை இருந்தது; அதன் முனைப் பற்றவைப்பில் ஒன்று விரிசல். சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தபோது முடி போன்ற சிவப்புக் கோடு வந்தது. விரிசலின் மேலேயே பற்றவைத்தால் உள்ளே அது அப்படியே இருக்கும். கோடு முழுதும் மறையும்வரை கிரைண்டரில் தோண்டி எடுத்து, மறுபடி சாயம் அடித்துப் பார்த்து, அதன் பிறகே நிரப்ப வேண்டும்.

சக்கரத்துக்கு வருவோம். ட்ராலி ஓரத்தில் நிற்கும்போது 900 கிலோ, பிளாக்கும் ட்ராலியும் 25, சட்டத்தின் 150 கிலோவில் பாதி 75. மொத்தம் 1000 கிலோவை இரண்டே சக்கரங்கள் சுமக்கின்றன. ஒன்றுக்கு 500. முத்திரை 500. அசையாமல் நின்றாலே எல்லை. தரையின் இணைப்புக் கோட்டில் ஏறி இறங்கினால் எல்லை தாண்டும். நான்கு சக்கரத்தின் எண்ணைக் கூட்டுவது எந்தக் காலத்திலும் செல்லாத கணக்கு. மாற்றியது 750 கிலோ முத்திரையுள்ள நான்கு, பூட்டு வசதியோடு. இவ்வளவு செய்தும், சுமை தொங்கும்போது கேன்ட்ரியை உருட்ட நேர்ந்தால், சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, ட்ராலியை நடுவில் நிறுத்திப் பூட்டி, பின்புதான் உருட்ட வேண்டும். தரையில் டைல்ஸ் என்றால் சக்கரத்துக்கு அடியில் தகடு போடாமல் உருட்ட வேண்டாம்.

சாய்ந்து இழுத்தால் என்ன ஆகும்

கொக்கிக்கு நேர் கீழே சுமை இருக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. ஏன் என்பதற்கு இந்தக் கேன்ட்ரியில் ஓர் எண் இருக்கிறது. பீமிலிருந்து தரைக்கு 2.6 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து சக்கரத்துக்கு 0.7 மீட்டர். 0.7 ÷ 2.6 என்பது 15 டிகிரி. செயின் பீமுக்குக் குறுக்காக 15 டிகிரி சாய்ந்தால் இழுவிசைக் கோடு சக்கரத்துக்கு வெளியே போய்விடும். முழுச் சுமையில் கேன்ட்ரி கவிழத் தொடங்கும். சட்டத்தின் சொந்த எடை சிறிது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ட்ராலிக்கு 2.2 மீட்டர் கீழே கொக்கி என்றால் 15 டிகிரி என்பது பக்கவாட்டில் 60 செ.மீ. லேத்தை இரண்டு அடி தள்ளி வைத்துவிட்டுச் செயினால் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் அதே இரண்டு அடி. ‘சுமை இலேசு’ என்பதை மட்டும் நம்ப முடியாது. கவிழும் கோணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கேன்ட்ரியின் வடிவம்.

பீமின் நீளவாக்கில் வேறொரு பலவீனம்: கால்கள் இரண்டும் சேர்ந்து இணைகரம் போல் சாயும். தலைத்தகட்டின் போல்ட்டுகளை மட்டும் நம்பாமல், மூலையிலிருந்து 500 மி.மீ. தள்ளி 45 டிகிரியில் இரு பக்கமும் 50×50×6 ஆங்கிள் முட்டு கொடுக்கப்பட்டது. விலை உண்டு: முட்டு வந்த இடத்தில் ட்ராலி போக முடியாது, 3 மீட்டரில் ஓடும் தூரம் 2 மீட்டராகச் சுருங்கும். முட்டுக்கு முன்பே நடுத்தகட்டில் போல்ட் போட்டு, ட்ராலியைத் தடுக்க ஒரு நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தி இல்லாத முனையிலிருந்து ட்ராலி வெளியே உருண்டு விழ ஒரு தள்ளு போதும்.

ட்ராலி

சரிவு விளிம்புக்குச் சரிவுச் சக்கரம், தட்டை விளிம்புக்குத் தட்டைச் சக்கரம். மாறிப் போனால் சக்கரம் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு விளிம்பைச் சீவும். விளிம்புக்கும் சக்கர ஓரத்துக்கும் ஒரு பக்கம் ஒன்றரை முதல் இரண்டு மில்லி இடைவெளி வருமாறு தண்டின் வாஷர்களை இருபுறமும் சமமாக மாற்றிப் போடுங்கள். அதிக இடைவெளியில் சக்கரம் நுனிக்கு நகர்ந்து, விளிம்பின் மெல்லிய பகுதியைக் கீழே மடக்கும். அடி விளிம்பின் கீழ் ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் நுனிகள் ஏற்கெனவே தொங்கிவிட்டன.

செயின் பிளாக்

பிளாக் 1 டன், ஒற்றைச் செயின், 6 மி.மீ. தடி, 18 மி.மீ. கண்ணி. தரம் 80 செயின் (உடையும் தகைவு 800 நியூட்டன்/ச.மி.மீ.) என்றால் உடையும் சுமை இப்படி: இரு தடிகளின் குறுக்குப் பரப்பு 56.5 ச.மி.மீ. × 800 = 45 கிலோநியூட்டன். 1 டன்னுக்கு நாலரை மடங்கு. தேயாத செயினுக்குத்தான் இந்தக் கணக்கு.

தேய்மானத்துக்கு 11 கண்ணிகளை இலேசாக இறுக்கிப் பிடித்து அளவுங்கள். புதிதில் 198 மி.மீ. 202-ஐத் தொட்டால் இரண்டு சதவீத நீட்சி. செயினை மாற்ற வேண்டும். கண்ணியும் கண்ணியும் உரசும் வளைவில் தடி 5.4-க்குக் கீழே போனாலும் அப்படியே. பிளாக்கின் பற்சக்கரத்தில் அதிகம் ஓடிய பகுதியில் அளக்க வேண்டும்; நுனியில் அளந்தால் எந்தச் செயினும் புதிதுதான். அறுந்த செயினை வெட்டிப் பற்றவைத்து ஓட்டுவதை எங்கே கண்டாலும் அந்தப் பிளாக்கை அங்கேயே கழற்றி வைத்துவிடுங்கள். பதப்படுத்திய எஃகு பற்றவைப்பின் சூட்டில் தன் தரத்தை இழந்துவிடும்.

கொக்கியில் வாய் அளவை வாங்கிய அன்றே குறித்துவைக்க வேண்டும். ஐந்து சதவீதம் விரிந்தாலோ, கண்ணுக்குத் தெரியும் முறுக்கு இருந்தாலோ, அடிப்பகுதி பத்து சதவீதம் தேய்ந்தாலோ கொக்கி கழிவு. விரிந்த வாயைச் சூடாக்கி அடித்து மூடுவது கொலைக்கு ஒப்பானது. வாய்ப்பூட்டு ஸ்பிரிங் இல்லாத கொக்கியில் பெல்ட் மாட்ட வேண்டாம். இரட்டைச் செயின் பிளாக் என்றால் கூடுதலாக ஒன்று: கீழ்க்கொக்கி செயின்களுக்கு நடுவே ஒரு குட்டிக்கரணம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் செயின் முறுக்கோடு பற்சக்கரத்துக்குள் ஏறும்.

பிரேக் வெஸ்டன் வகை: திருகுத் தண்டு, இரண்டு உராய்வுத் தட்டுகள், நடுவே பல் வட்டு, அதைத் தடுக்கும் நாக்கு. ஏற்றும்போது கேட்கும் டிக் டிக் சத்தம் அந்த நாக்கினுடையது. சத்தம் நின்றால் நாக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது அல்லது கிரீஸில் ஒட்டியிருக்கிறது. உலர்ந்த உராய்வுத் தட்டுள்ள பிளாக்குகளில் பிரேக் மூடிக்குள் எண்ணெய் விடுவதால்தான் சுமை தானாக இறங்குகிறது. எண்ணெய் செயினுக்கும் கியருக்கும் மட்டுமே. தட்டில் எண்ணெய் ஊறிவிட்டால் துடைப்பது பலன் தராது, மாற்ற வேண்டும். இன்னொரு நுணுக்கம்: இந்தப் பிரேக் இறுகுவதே சுமையின் எடையால். வெறும் கொக்கியோ மிக இலேசான பொருளோ மெதுவாக நழுவினால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கால் பங்குச் சுமையாவது போட்டுப் பாருங்கள்.

1 டன் பிளாக்கில் முழுச் சுமைக்குக் கைச்செயினில் ஏறத்தாழ 30 கிலோ இழுப்பு. ஒருவர் இழுக்க முடியாமல் இரண்டாவது ஆள் வந்து தொங்குகிறார் என்றால் சுமை அதிகம், அல்லது எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

கொக்கிக்குக் கீழே

இரு கால் பெல்ட்டில் கால்களுக்கு இடைக்கோணம் 60 டிகிரி என்றால் ஒரு காலின் திறனைப் போல 1.73 மடங்கு கிடைக்கும், 90-இல் 1.4, 120-இல் ஒன்றே ஒன்று, அதாவது இரண்டாவது கால் இருந்தும் பயனில்லை. 90-ஐத் தாண்ட வேண்டாம். ஐ போல்ட்டுகளில் (தலையில் வளையமுள்ள போல்ட்டுகள்) எம்12-க்கு நேர் இழுப்பில் 340 கிலோ, எம்16-க்கு 700, எம்20-க்கு 1200. 45 டிகிரி சாய்வில் எம்16-இன் எண் 500 ஆகும். தோள் வரை முழுதும் இறங்காமல் இரண்டு மரை வெளியே தெரியும் ஐ போல்ட்டுக்கு இந்த எண் எதுவும் பொருந்தாது.

சோதனை

சோதனைச் சுமைக்குத் தேவை சிமென்ட் மூட்டை. ஒன்று 50 கிலோ என்பதால் எடை சர்ச்சைக்கு இடமில்லை. 25 கிலோ மரப் பேலட்டின் மேல் 22 மூட்டை அடுக்கினால் 1125 கிலோ: 900-இன் 125 சதவீதம். பீமின் இரு முனைகளுக்கு இடையே நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் பீமின் மேல் ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். நூல் பீமோடு மட்டுமே கட்டப்பட வேண்டும். சுவரில் கட்டினால் காலின் அமுக்கமும் சேர்ந்து வரும்.

வெறும் பிளாக் தொங்கும்போது முதல் அளவு. பிறகு பேலட்டும் 8 மூட்டையும்: எதிர்பார்ப்பது 1.6 மி.மீ. பேலட்டும் 18 மூட்டையும்: 3.5. பேலட்டும் 22-உம்: 4.3. ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து 100 மி.மீ. மட்டுமே உயர்த்தி, கீழே மரக்கட்டைகள் வைத்து, பத்து நிமிடம் நிறுத்தி, செயினில் சாக்பீஸ் குறி நகர்கிறதா என்று பாருங்கள். யாரும் பீமுக்கு அடியில் போகக் கூடாது. அளவு எதிர்பார்ப்பைவிடக் கால் பங்கு கூடுதலாக வந்தால் பீம் நினைத்த கனத்தில் இல்லை. சீராக ஏறாமல் திடீரென்று குதித்தால் போல்ட் இணைப்பு நழுவியிருக்கிறது. நூல் பக்கவாட்டில் விலகினால் பீம் புரளத் தொடங்குகிறது, உடனே இறக்கவும். சுமையை எடுத்த பின் நூல் முதல் அளவுக்கே திரும்ப வேண்டும். அரை மில்லி மிச்சம் நின்றாலும் ஏதோ ஒன்று நிரந்தரமாக நகர்ந்துவிட்டது.

பிறகு முழுச் சுமையோடு ட்ராலியை இரு முனைகளுக்கும் ஓட்டி, சக்கரமும் தலைத்தகடும் பார்க்க வேண்டும். பற்றவைப்புகளுக்குச் சோதனைக்குப் பின் மறுபடி ஒரு சாயச் சோதனை.

உண்மையிலேயே 2 டன் வேண்டுமென்றால்

பீம் ஐ.எஸ்.எம்.பி. 200 ஆக வேண்டும். அதே 3 மீட்டரில் தகைவு 79, அனுமதி சுமார் 100, தொய்வு 2.7 மி.மீ. மீட்டருக்கு 9 கிலோ கூடுதல் இரும்புதான். சக்கரத்துக்கு வரும் சுமை ஆயிரம் கிலோவைத் தாண்டுவதால் 1.5 டன் சக்கரங்கள் தேவை. பழைய பீமின் மேல் தகடோ சேனலோ பற்றவைத்துத் தேற்றலாமே என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. நீளமான பற்றவைப்பின் சூட்டில் பீம் வில்லாக வளையும், நேராக்கும் செலவில் புதுப் பீமே வந்துவிடும்.

இதே கேன்ட்ரியில் மின்சார ஹாய்ஸ்ட் மாட்டினால் அதிர்வுக்குப் பத்துக்குப் பதில் 25 சதவீதம் கூட்ட வேண்டும். கொக்கிச் சுமை 800 கிலோவுக்கு இறங்கும். சந்தையில் கிடைக்கும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரச் சிறு ஹாய்ஸ்ட்டுகளின் தகட்டில் ‘250/500’ என்றிருந்தால், 500 என்பது கூடவே வரும் கப்பிக் கொக்கியை மாட்டி ரோப்பை இரட்டையாக்கிய பின்புதான். ஒற்றை ரோப்பில் 250. ‘எஸ்3 20% 10 நிமிடம்’ என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடமே ஓட்டலாம். இறக்கும்போது டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று ரோப் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுச் சுமையும் ரோப் முனையைப் பிடித்திருக்கும் ஒரு சிறு திருகில் போய் நிற்கும்.

பழைய ‘2 டன்’ எழுத்து கிரைண்டர் பிரஷ்ஷால் அகற்றப்பட்டது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் ஒரு வருடத்தில் மறுபடி தெரியும். புதிய எழுத்து பீமின் இரு பக்கமும்: ‘900 கிலோ – கைச்செயின் மட்டும்’. அதன் கீழே சோதனைத் தேதி, 11 கண்ணி அளவு, கொக்கி வாய் அளவு. 12 மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் முழுதும் பரிசோதிக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 29-ஆம் பிரிவு விதித்த முறை. அடுத்த முறை அளப்பவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அந்த அளவுகள் பீமிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.